நோட்டுக்குள் ஒரு ‘நீ’

என் மனைவி படம் வரைகிறவள். இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருடமாகிறது. நான் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறேன். காலையில் நான் ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் அவள் நோட்டைத் தூக்கிக்கொண்டு மியூசியத்துக்குக் கிளம்புவாள். என்னவோ அங்கே கையெழுத்துப் போட வேண்டியவள் மாதிரி ஒரு நாள்கூடத் தவறமாட்டாள். பெயிண்ட், பேனா எதையும் உள்ளே விடமாட்டார்கள், பென்சில் மட்டும்தான். அதனால் கோடு அங்கே, கலர் எங்கள் சாப்பாட்டு மேஜையில். நான் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிவிட்டேன்.

அந்த நோட்டை நான் பிரித்துப் பார்த்ததே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஜையைத் துடைக்கும்போது கீழே விழுந்து திறந்துகொண்டது. கோட்டு, டை, தொப்பியோடு ஓர் ஆள் நாற்காலியில் உட்கார்ந்து நேராக என்னையே பார்த்தான். அது போகட்டும். அவன் நெஞ்சில் பென்சிலால் ‘நீ’ என்று எழுதியிருந்தது. கண்ணுக்குப் பக்கத்திலும் ‘நீ’. ஓரத்தில், ‘இன்னும் கொஞ்சம் நீ’. கீழே அவளுடைய குண்டு குண்டான எழுத்தில், ‘நீ மட்டும் போதும்’.

கல்யாணமான பதினோரு வருடத்தில் அவள் என்னை ‘நீ’ என்று சொன்னதில்லை. சண்டையில்கூட ‘நீங்க’தான். ஆகவே இந்த ‘நீ’ நான் இல்லை என்பதில் சந்தேகமே இல்லை.

நோட்டை எடுத்த இடத்தில் வைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம், வேறென்ன. பன்னிரண்டு நாள் வாயைத் தைத்துக்கொண்டு திரிந்தேன். “உடம்பு சரியில்லையா?” என்றாள். “வேலை ஜாஸ்தி” என்றேன். வேலை லட்சணமும் அப்படித்தான் இருந்தது. ஆறாம் மாடிக்கு அழுத்தினால் மூன்றில் நிற்கும்படி வயரை மாற்றிக் கொடுத்துவிட்டு மேஸ்திரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பதின்மூன்றாம் நாள் அவளுக்குத் தெரியாமல் நோட்டை எடுத்துக்கொண்டேன். அரை நாள் லீவு. இன்றைக்கு இரண்டில் ஒன்று. அவள் ஆமாம் என்றால் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

மியூசிய வாசலில் ஸ்பேனர் பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நோட்டு மட்டும் கையில். மூன்றாவது ஹாலில் அவள் தன் பையைத் தரையில் கொட்டித் தேடிக்கொண்டிருந்தாள். மூலை நாற்காலியில் அந்த ஆள். அந்த ஹாலின் காவலர்.

“நோட்டு உங்ககிட்டயா இருக்கு? எனக்கு உயிரே போயிடுச்சுங்க!”

நான் அந்தப் பக்கத்தைப் பிரித்து நீட்டினேன். நான் வாயைத் திறப்பதற்குள் காவலர் எழுந்து வந்துவிட்டார். தன் படத்தைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் பல். அந்த எழுத்தின்மேல் விரலை வைத்து, இது என்ன என்று அவர் பாஷையில் கேட்டார்.

அவள் யோசிக்கவே இல்லை. அவருடைய கோட்டைக் காட்டி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். எனக்கு அந்தப் பாஷையில் தெரிந்ததே நாற்பது வார்த்தை. அதில் அதுவும் ஒன்று, வயர் வாங்கும்போதெல்லாம் நான் சொல்கிற வார்த்தை. நீலம்.

கோட்டு நீலம். டை, தொப்பி, கண், பின்னால் இருந்த சுவர்கூட நீலம். முன் பக்கங்களைப் புரட்டியிருந்தால் சி, ப, ம எல்லாம் கண்ணில் பட்டிருக்கும். நான் அந்த ஒரு பக்கத்தோடு நின்றுவிட்டேன்.

“நீங்க வயர் நோட்டுல எழுதுவீங்களே, சிவப்புக்கு சி, பச்சைக்கு ப. அதைப் பாத்துத்தான் நானும்...” என்று சிரித்தபடி திரும்பியவள் என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. நோட்டை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கடைசி வரியில் அவள் விரல் அப்படியே நின்றது.

“இதுக்குத்தான் பன்னெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்களா?”

காவலர் மெதுவாகத் தன் நாற்காலிக்கே போய்விட்டார். அவள் கொட்டியதையெல்லாம் பைக்குள் அள்ளிப் போட்டாள். நோட்டை மார்போடு பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீ” என்றாள்.

இந்த ‘நீ’ நான்தான் என்பதில் சந்தேகமே இல்லை.