அனுபவிக்க முடியாத வீடு

பூமி சூரியனைச் சுற்றுவது எங்கள் சித்திக்குப் பிடிக்காமல் போயிருந்தால், அதற்கும் ஒரு மேல்முறையீடு போட்டு, தீர்ப்பு வரும்வரை பூமியை நின்ற இடத்திலேயே நிற்க வைத்திருப்பார். பூமி தப்பித்தது. சித்திக்கு ஒரு வீட்டு வழக்கே போதுமான வேலையாக இருந்தது.

சித்திக்குத் தையல் வேலை. முன்னறையில் மெஷின், நடுவில் படுக்கை, பின்னால் சமையலறை, வீடே அவ்வளவுதான். சித்தப்பா இறந்ததும் அவருடைய அண்ணன், “வீடு என் அனுபவத்தில்தான் இருக்கிறது, அவள் சும்மா தங்க வந்தவள்” என்று வழக்குப் போட்டார். அவருக்கு நான் வைத்த பெயர் பூட்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கதவை இழுத்துப் பார்க்கிற ஆள்.

கீழ்க் கோர்ட்டில் பூட்டின் வக்கீல் சித்தியைக் கூண்டில் ஏற்றி, “வீட்டை யாரும்மா அனுபவிச்சுட்டு வர்றது?” என்று கேட்டார். கோர்ட்டு பாஷையில் அனுபவிப்பது என்றால் கைவசம் வைத்திருப்பது. சித்திக்கு அது தெரியாது.

“அதை யாருங்க அனுபவிக்க முடியும்? மழை வந்தா மொதல்ல சமையல் ரூம் மூலை ஒழுகும். அப்புறம் மெஷினுக்கு மேல. மெஷினை நகர்த்தி வெச்சா படுக்கைத் தலைமாட்டுல சொட்டும். இதுல என்னத்த அனுபவிக்கிறது?”

வக்கீல் திருப்தியாக உட்கார்ந்துவிட்டார். வீடு தன் அனுபவத்தில் இல்லையென்று சித்தியே ஒப்புக்கொண்டதாகத் தீர்ப்பு வந்தது. காலி செய்ய வேண்டும்.

“ஏன்டி, ‘நான்தான்’னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா உனக்கு?” என்றார் அம்மா.

“ஒழுகுறதை ஒழுகலைன்னா சொல்லச் சொல்றே, அக்கா?”

மேல்முறையீட்டுக்கு வந்த எங்கள் வக்கீல் தலையைச் சொறிந்தார். “மேல புதுசா எதுவும் பேச விடமாட்டாங்கம்மா. அங்க சொன்னதை வெச்சுத்தான் மறுபடி பார்ப்பாங்க. அந்தப் பதிலைப் பட்டும் படாம தாண்டிடலாம்னு இருக்கேன்.”

சித்தி துணி வெட்டுவதை நிறுத்தவில்லை. “கேள்வி புரியலைன்னு சொல்லுங்க. பதில் தப்புன்னு சொல்லாதீங்க. முழுசா படிங்க.”

“முழுசா படிச்சா ஜட்ஜ் குடை பிடிச்சுட்டுதான் வருவார், சித்தி” என்றேன் நான்.

“வரட்டும். மூலையில நிக்க வேணாம்னு சொல்லு.”

வக்கீல் படித்தார். நீதிபதி இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு பூட்டின் சாட்சியத்தைப் புரட்டினார்: ‘உறுதியான வீடு, ஒரு சொட்டு ஒழுகாது.’ கீழ்க் கோர்ட்டு அனுப்பிய கமிஷனர் வீட்டைப் பார்த்து வரைந்திருந்த படத்தை எடுத்தார். ஈரக்கறை மூலையில், மெஷினுக்கு மேலே, தலைமாட்டில்.

தீர்ப்பு நாளன்று சித்தி உள்ளே உட்கார மாட்டாமல் வராந்தா பெஞ்சுக்குப் போய்விட்டார். தீர்ப்பைக் கேட்டது நான்தான். “எது முதலில் ஒழுகும், எது அடுத்து ஒழுகும் என்பது அங்கே மழைக்காலத்தைக் கழித்தவருக்கே தெரியும். மேல்முறையீடு அனுமதிக்கப்படுகிறது.”

கீழ்க் கோர்ட்டில் எங்களைக் கவிழ்த்த அதே பதில். ஓர் எழுத்துகூட மாறவில்லை. பள்ளிக்கூடத்தில் எத்தனையோ வாக்கியங்களை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். ஒன்றாவது ஒரு வீட்டைத் தாங்கி நின்று நான் பார்த்ததில்லை.

வெளியே வந்தேன். முகத்தை முழ நீளத்துக்குத் தொங்கவிட்டுக்கொண்டு, “போச்சு, சித்தி” என்றேன்.

சித்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தோத்திருந்தா இந்நேரம் என்னைச் சிரிக்க வைக்க நீ குட்டிக்கரணம் அடிச்சிருப்பே. போய் மூஞ்சியைக் கழுவிட்டு வா. வக்கீல் பார்த்தா பயந்துடுவார்.”