கோணல் சுவர் கட்டத் தெரியாத மேஸ்திரி

தூக்குக்குண்டு என்று கூப்பிட்டால் அந்தத் தெருவில் மேஸ்திரிதான் திரும்பிப் பார்ப்பார். நூலில் கட்டித் தொங்கவிட்டு, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்ப்பார்களே, அந்த இரும்புக் குண்டைத்தான் ஆளுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். வீட்டில் வைத்த பெயர் அவருக்கே மறந்து போயிருக்கும். ஆளைப் பார்த்தால் குண்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் இவர் சாரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துத் தெருவில் போய்த்தான் பொறுக்க வேண்டும்.

கோணல் என்றால் அவருக்குத் தாங்காது. முடி வெட்டும் கடையில் பாதித் தலை முடிந்திருக்கும்போதே எழுந்து போய், கண்ணாடியை நேராக மாட்டிவிட்டு வந்து மீதித் தலையைக் கொடுப்பார். அவருடைய கல்யாணப் போட்டோ எதிலும் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கவில்லை, பக்கத்தில் இருக்கும் தூணைப் பார்க்கிறார். "தூண் சாய்ஞ்சிருந்தது, நான் என்ன பண்றது?" என்று இன்றைக்கும் கேட்பார். மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் படுத்தபோது, கையைப் பிடித்துப் பார்க்க வந்த டாக்டரிடம், "கட்டில் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கு டாக்டர், அதான் காய்ச்சல் எல்லாம் தலைக்கே ஓடுது" என்று விளக்கம் சொன்ன ஆள். அவர் கட்டிய சுவரில் எறும்புகூட கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம், வழி தவறாது.

இப்பேர்ப்பட்டவர் பிறந்து வளர்ந்த தெருவில் ஒரு வீடுகூட நேராக இல்லை. அதற்கும் ஒரு காரணம் இருந்தது.

நகராட்சியில் ஒரு சட்டம். புது வீடு கட்டினால் பிளான் போட்டு அனுமதி வாங்க வேண்டும், ரோட்டிலிருந்து ஐந்து அடி உள்ளே தள்ளித்தான் கட்ட வேண்டும். பழைய வீட்டை ரிப்பேர் பார்ப்பதற்கு மட்டும் எதுவும் வேண்டாம், இருந்த இடத்திலேயே இருக்கலாம். அவ்வளவுதான், அன்றிலிருந்து அந்தத் தெருவில் யாருமே புது வீடு கட்டவில்லை. எல்லாம் ரிப்பேர்தான். ரோட்டோரம் இருக்கும் முன்சுவரை மட்டும் நிறுத்திவைத்துக்கொண்டு, பின்னால் மீதி வீட்டைப் புதிதாக எழுப்பிவிடுவார்கள். கேட்டால், "ஓடு மாத்தினோம் சார்" என்பார்கள். பழைய பொத்தான் ஒன்றை வைத்துக்கொண்டு சுற்றிலும் புதுச் சட்டை தைத்துவிட்டு, 'பொத்தான் ரிப்பேர்' என்று சொல்கிற கதை. கதையில் அரக்கனின் உயிர் கிளிக்குள் இருக்குமே, அதுமாதிரி ஒவ்வொரு வீட்டின் உயிரும் முன்சுவருக்குள் இருந்தது.

மேஸ்திரியின் அக்கா வீடும் அப்படித்தான் 'ரிப்பேர்' ஆனது. அக்கா தையல்காரி. ரோட்டைப் பார்த்த முன்னறையில்தான் அவளுடைய மிஷின். சைக்கிளில் வருகிறவர்கள் இறங்காமலே ஜன்னல் வழியாகத் துணியைக் கொடுத்து வாங்கிப் போவார்கள். அந்த அறை போனால் அக்காவின் பிழைப்பு போச்சு. அதனால் வேலை ஆரம்பித்த அன்றைக்கே தம்பியின் காதைப் பிடிக்காத குறையாகச் சொல்லி வைத்தாள்.

"டேய், பின்னாடி நீ கோட்டையே கட்டிக்கோ. முன்சுவர் பக்கம் மட்டும் மூச்சு விடாத."

"சரிக்கா."

"கண்ணால கூட பாக்காத."

"அது கஷ்டம்கா. ரோட்டுப் பக்கம் எப்படி சாய்ஞ்சிருக்கு பாரு, குடிச்சுட்டு வந்தவன் மாதிரி."

"அந்தக் குடிகாரன்தான்டா நம்ம சொத்து."

வீடு முடிந்தது. திங்கட்கிழமை நகராட்சி இன்ஸ்பெக்டர் மேடம் வந்து பார்த்து, 'ரிப்பேர்தான்' என்று எழுதிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. சனிக்கிழமை காலையில் சாமான்களை எடுத்துப் போக மேஸ்திரி வந்தார். வந்தவர் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். மூலையைப் பார்த்துத் தொலைத்தார். ஒரு பக்கம் அவர் கட்டிய புதுச் சுவர், அரிச்சந்திரன் மாதிரி. மறு பக்கம் பழைய குடிகாரன். இரண்டுக்கும் நடுவில் மேலே அகலமாக ஓர் இடைவெளி, பல் விழுந்த வாய் சிரிப்பதுபோல.

அதைப் பார்த்துச் சும்மா இருக்க அவரால் முடியுமா? பசித்த பூனையிடம் மீன் கூடையைக் கொடுத்துவிட்டு, பார்த்துக்கொள் என்று சொன்ன மாதிரிதான். 'ஒரே ஒரு செங்கல். அதை மட்டும் எடுத்து நேரா வெச்சுட்டா பார்க்க லட்சணமா இருக்கும்' என்று நினைத்தார். எடுத்தார். சுவர் ஒரு பெருமூச்சு விட்டது. இத்தனை காலம் நின்ற அலுப்பு தீர, ரோட்டில் நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டது. நல்ல வேளை, ரோட்டில் ஆளில்லை.

புழுதி அடங்கியபோது, அக்கா மிஷின் முன்னால் உட்கார்ந்தபடியே இருந்தாள். கால் பெடலில், கை துணியில். எதிரே நாடகத்தில் திரை விலகின மாதிரி தெரு முழுக்கத் தெரிந்தது. சைக்கிளில் வந்த ஒருவர் செங்கல் குவியலுக்கு அந்தப் பக்கம் நின்று, "அக்கா, என் பேன்ட் ரெடியா?" என்றார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. "என்னடா பண்ண?" என்றாள்.

"ஒண்ணும் பண்ணலக்கா."

"ஒண்ணும் பண்ணாமதான் எதிர் வீட்டுக்காரர் பல் விளக்கறது எனக்குத் தெரியுதா?"

"ஒரே ஒரு செங்கல்கா…"

"உன்னைப் பெத்த வயித்துல ஒரு செங்கல் பிறந்திருந்தா, அது பாட்டுக்கு வெச்ச இடத்துல இருந்திருக்கும்டா!"

மேஸ்திரி செங்கல் குவியலைப் பார்த்தார். ஒரு வழி தோன்றியது. "அக்கா, அதே செங்கல், அதே இடம். மறுபடியும் கோணலா கட்டிடறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

சொல்வது சுலபம். அக்கா முதல் காரியமாகத் தூக்குக்குண்டையும் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தையும் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். மேஸ்திரி கண்ணால் அளந்து வைக்கக் கூடாது என்று ஒரு கண்ணில் துணியும் கட்டிவிட்டாள். அப்படியும் கை கேட்டால்தானே! கோணலாக வைக்கிற செங்கல்லைக் கட்டை விரல் தானாகவே தட்டி நேராக்கிவிடும். அக்கா ரோட்டில் நின்று கத்தினாள்.

"கோணலா வைடா!"

"வெச்சிருக்கேன்கா!"

"இதுவா கோணல்? இதைப் பார்த்து ஸ்கூல் பசங்க கோடு போடலாம்டா!"

"கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ச்சிருக்கேன் பாரு."

"எந்தப் பக்கம்? நீ தலையைச் சாய்ச்சிருக்க, சுவர் சாயல!"

ஊரில் இருக்கிற மேஸ்திரிகள் எல்லாம் நேராகக் கட்டத் தெரியாமல் திட்டு வாங்குவார்கள். நேராகக் கட்டியதற்காகத் திட்டு வாங்கிய மேஸ்திரி உலகத்திலேயே இவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் சுவர் முடிந்தது. சாயங்கால வெயிலில் அதன் நிழல்கூடப் பட்டாளத்துக்காரன் மாதிரி விறைப்பாக விழுந்தது. பழசாகத் தெரியட்டும் என்று அக்கா டீத்தூள் கசடை அள்ளி அள்ளிப் பூசினாள். தெருவே டீக்கடை மாதிரி மணத்தது.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் மேடம் வந்தார். கையில் அளவு டேப், காலில் நடந்து நடந்து தேய்ந்த செருப்பு. சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மேஸ்திரி, இந்தத் தெருவுல எல்லா முன்சுவரையும் பார்த்திருக்கேன். எல்லாம் கூன் போட்டு நிக்குது. இது மட்டும் சல்யூட் அடிக்குதே?"

"நல்ல… சாப்பாடு மேடம்" என்றார் மேஸ்திரி. பயத்தில் என்ன சொல்கிறோம் என்றே தெரியவில்லை. "அதாவது, அந்தக் காலத்து ஆளுங்க கலவையை நல்லாப் போட்டாங்க."

"எப்போ கட்டினது?"

"எங்க தாத்தா கட்டினது."

மேடம் சுவரில் கையை வைத்தார். கையோடு ஈரக் கலவை வந்தது. மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். "தாத்தா எப்போ டீ குடிச்சுட்டுப் போனாரு?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மேஸ்திரிக்கு வியர்த்து ஊற்றியது. அந்த நேரம் பார்த்துப் பால்காரரின் மாடு ரோட்டில் அசைந்து அசைந்து வந்தது. விழப்போகிறவன் கையில் சிக்கிய கொடியைப் பிடிப்பதுபோல, மேஸ்திரி அதைப் பிடித்துக்கொண்டார்.

"இதோ, இந்த மாடுதான் மேடம்! முட்டிடுச்சு. கொஞ்சம் பெயர்ந்தது, லேசா பூசினேன். ரிப்பேர் மேடம், ரிப்பேர்."

மேடம் உடனே போனை எடுத்தார். "மாட்டைக் கட்டாம ரோட்டுல விடறதே தப்பு. முட்டற மாடுன்னா பெரிய தப்பு. வண்டி வரச் சொல்றேன், பட்டிக்குப் போகட்டும்."

பால்காரர் எதிர் வீட்டிலிருந்து சோப்பு நுரையும் முகமுமாக ஓடி வந்தார். பாதி சவரம்தான் ஆகியிருந்தது. "என் மாடா? முட்டிச்சா? ஏம்மா, அதுக்குக் கொம்பே கிடையாதும்மா! எதிர்ல கோழி வந்தா நின்னு வழி விட்டுட்டுப் போற ஜென்மம் அது! பட்டியில அடைச்சா பால் வத்திடும், நான் என்ன பண்ணுவேன்?" மேஸ்திரியிடம் திரும்பினார். "தம்பி, நீயே சொல்லுப்பா. பார்த்தியா, என் மாடு முட்டினத?"

மேஸ்திரி வாயைத் திறந்தார். இதற்குள் மாடு சுவரருகே வந்து, டீக்கசடை ருசி பார்த்து நக்க ஆரம்பித்தது. நக்கிய இடமெல்லாம் புதுக் கலவை பளிச்சென்று தெரிந்தது. பிறகு முகத்தைத் திருப்பி மேஸ்திரியின் வியர்த்த கையையும் ஒருமுறை நக்கியது.

"டேய்" என்றாள் அக்கா மெதுவாக. "அந்த மாட்டு மூஞ்சியப் பார்த்து இன்னொரு தடவை அந்தப் பொய்யைச் சொல்லு, பாப்போம்."

அவர் மாட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். உள்ளே மிஷினைப் பார்த்தார். பிறகு மூச்சை இழுத்து விட்டார்.

"போனை வைங்க மேடம். மாடு முட்டல. நான்தான். பழைய சுவரை நேராக்கப் போய் விழ வெச்சுட்டேன். இது நேத்துக் கட்டினது. அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது."

"ஏன்டா, டீத்தூள் பூசினது உன் அக்கா இல்லையா?" என்றாள் அக்கா. "தெரியும் மேடம். எழுதுங்க."

மேடம் போனைப் பைக்குள் போட்டார். பால்காரரைப் பார்த்து, "கொம்பு இல்லாட்டியும் ரோடு ரோடுதான். கயித்துல கட்டுங்க" என்றார். அவர் மாட்டைத் தள்ளிக்கொண்டு போனார். போகும்போது மேஸ்திரியை ஒரு முறை முறைத்தார். அந்தப் பார்வை பாலில் பட்டிருந்தால் திரிந்திருக்கும்.

"முன்சுவர் போனா இது புது வீடு" என்றார் மேடம். டேப்பை இழுத்து ஐந்து அடிக்குச் சாக்பீஸால் தரையில் கோடு போட்டார். கோடு முன்னறைக்குள் வந்து, தையல் மிஷினின் வயிற்றுக்குக் கீழே போய், அந்தப் பக்கம் வெளியே வந்தது. பாதி மிஷின் வீட்டில், பாதி தெருவில்.

அக்கா அழவில்லை. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ தைக்கிற நான் உள்ளே, தைக்கிற சட்டை வெளியே. மழை வந்தா துவைக்கிற வேலையும் மிச்சம்."

மேஸ்திரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அந்தத் தலை மட்டும் அன்றைக்குக் கோணலாகவே இருந்தது.

"ஏன்மா, மாடி போட்டுக்கலாமே?" என்றார் மேடம்.

"மாடியா? இந்தத் தெருவுல மாடிக்கு அனுமதி கிடையாதே மேடம்."

"அஞ்சு அடி விடாத வீட்டுக்குத்தான் கிடையாது. விட்டவங்க தாராளமா மாடி கட்டலாம். சட்டம் போட்ட நாளிலிருந்து இருக்கே?"

ஜன்னல்களில் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த தெரு முழுக்கக் கழுத்தை நீட்டியது. "இதை ஏன் மேடம் யாருமே சொல்லல?" என்றாள் அக்கா.

"யாராவது ஆபீஸ் பக்கம் வந்து கேட்டாதானே? என்னைப் பார்த்தாலே எல்லாரும் ஓடு மாத்திட்டு இருக்கேன்னு கூரை மேல ஏறிடறீங்க!"

புதுச் சுவரை மேஸ்திரியே இடிக்க வேண்டியிருந்தது. பழைய சுவர் ஒரு செங்கல்லுக்கு விழுந்தது. இது கடப்பாரைக்கே மசியவில்லை. "நல்லா கட்டியிருக்கான் பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டு இடித்தார். பிளான் போட்டு, அனுமதி வாங்கி, ஐந்து அடி உள்ளே தள்ளி, மாடியோடு எழுப்பினார். இந்த முறை அரிசி டப்பாவிலிருந்து குண்டை எடுத்துக் கொடுத்தது அக்காதான்.

இப்போது அக்கா மாடியில் உட்கார்ந்து தைக்கிறாள். காற்றென்ன, வெளிச்சமென்ன! ராஜாவுக்கு மேல் ஒரு படி. சைக்கிளில் வருகிறவர்கள் இன்னும் இறங்குவதில்லை. கயிற்றில் கூடை இறங்குகிறது, துணி ஏறுகிறது. ஒரே தொல்லை, அளவை அவள் மேலிருந்து கத்திக் கேட்கிறாள், கீழே இருப்பவர் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. யாருக்கு எத்தனை தொப்பை என்பது இப்போது தெருவுக்கே மனப்பாடம். பால்காரர் மட்டும் உள்ளே வந்து காதோடு சொல்லிவிட்டுப் போகிறார்.

அதைப் பார்த்துத் தெருவில் எல்லாருக்கும் மாடி ஆசை வந்துவிட்டது. மேஸ்திரிக்குத்தான் நடமாட முடியவில்லை. "மேஸ்திரி, எங்க வீட்டு முன்சுவர் கொஞ்சம் கோணலா இருக்கு, வந்து ஒரு பார்வை பாருங்களேன்" என்று வாசலுக்கு வாசல் கூப்பிடுகிறார்கள். நேற்று ஒருவர், ஒரு செங்கல்லைத் தானே ஆட்டி வைத்துவிட்டு வந்து அழைத்தார்.

"முதல்ல ஆபீஸுக்குப் போய் மேடத்தைப் பாருங்க" என்கிறார் மேஸ்திரி. "அனுமதி வர்ற வரைக்கும் நான் அந்தச் சுவரைப் பாக்கவே மாட்டேன், ஆமா."

சொன்னபடி, சர்க்கரை வியாதிக்காரர் மிட்டாய்க் கடையைத் தாண்டுவதுபோல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வேகமாக நடக்கிறார். கட்டை விரலைச் சட்டைப் பைக்குள் விட்டுக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான்.