வெளிறிய முகங்களில் கறை பார்ப்பது

திருபுவனையில், பழைய ஓவியங்களை அச்சடித்துச் சட்டம் போட்டு ஓட்டல்களுக்கு அனுப்பும் கம்பெனியில் எனக்குக் கறை பார்க்கும் வேலை. பெரும்பாலும் நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்துப் பெண்கள். ஒருத்தி தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஜன்னலோரம் நிற்பாள், இன்னொருத்தி மடியில் பூக்களோடு கண் சொருகிக் கிடப்பாள். முகத்தில் மை தெறித்திருந்தாலோ கழுத்தில் கோடு விழுந்திருந்தாலோ அந்தப் படத்தை ஒதுக்கிவிட வேண்டும்.

அவற்றை பேக் செய்பவள் பண்டசோழநல்லூர்க்காரி, என்னைவிடச் சின்னவள். ஒருநாள் ஒரு படத்தைத் தூக்கிப் பிடித்து, "இன்னாக்கா இது, எல்லாரும் காய்ச்சல்ல கெடந்து எழுந்த மாதிரியே இருக்காங்க?" என்றாள். இருவரும் சிரித்தோம். அப்போது அவள் துப்பட்டா விலகியது. கழுத்தில் விரல்கள் பதிந்த தடம், நீலம் பாரித்திருந்தது. நான் பார்த்ததை அவளும் கவனித்தாள். துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் அடுத்த படத்தை எடுத்தேன்.

கேட்டால் சங்கடப்படுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவள் வேலைக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. நான்காம் நாள் மதியம் லீவு சொல்லிவிட்டு பஸ் பிடித்து அவள் ஊருக்குப் போனேன். வாசலில் அவள் புருஷன் பைக் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அவ அம்மா வூட்டுக்குப் போயிருக்கா" என்றான். உள்ளே அவள் இருமுவது கேட்டது.

அவனைத் தாண்டி உள்ளே போனேன். பாயில் உட்கார்ந்திருந்தாள். இடது கை மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"அவரு..." என்று வாசலைப் பார்த்தாள்.

"அவரு வண்டி தொடைக்கட்டும். நீ எழுந்துரு."

அவன் தடுக்கவில்லை. எதிர்வீட்டுப் பெண்கள் வெளியே வந்து நின்றதுதான் காரணமாக இருக்கும்.

எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டு போட்டுக்கொண்டு மடுகரையில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குப் பஸ்ஸில் போனோம். பாதி வழியில், கோபமே இல்லாமல் கேட்டாள்: "அன்னிக்கு எங் கழுத்த நீ பாத்த இல்லக்கா. ஏன் ஒண்ணும் கேக்கல? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கட்டுப் பிரித்ததும் வேலைக்குத் திரும்பிவிட்டாள். புருஷன் இரண்டு தடவை கம்பெனி கேட் வரை வந்து கத்திவிட்டுப் போனான். இப்போது ஷிப்டு முடிந்ததும் அவளுடைய மடுகரை பஸ் வரும்வரை நானும் நிற்கிறேன். தூரத்தில் எந்த பைக் சத்தம் கேட்டாலும் இருவரும் பேச்சை நிறுத்திவிடுகிறோம்.