மாமியார் போட்ட கையெழுத்து

நான்காம் வகுப்பு படித்தபோது எனக்கு ஒரே ஒருவரின் ஆட்டோகிராப் தேவைப்பட்டது. எட்டு மணி சீரியலின் கதாநாயகன். வாங்கிக் காட்டுகிறேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தேன். அந்த சீரியல்காரர்கள் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ரசிகர்களைச் சந்திக்க வந்தபோது, பொழிச்சலூரிலிருந்து என்னை பஸ்ஸில் கூட்டிப்போனது அத்தை.

அப்பாவின் தங்கை. சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒருநாள் காலை ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சீரியல் பார்க்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நானும் கேட்கவில்லை.

மண்டபத்தில் கதாநாயகனுக்கான வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. மேடையின் மறுமூலையில், சீரியலில் மாமியாராக வருபவர் தனியாக உட்கார்ந்து, தன் போட்டோ அட்டையாலேயே விசிறிக்கொண்டிருந்தார். மருமகளைப் பட்டினி போட்டுக் கொல்லைப்புறத்தில் படுக்கவைத்தவரிடம் யார் போவார்கள்? அத்தை அவரையே பார்த்தபடி நின்றார். பிறகு என் கையைப் பிடித்து வரிசையிலிருந்து வெளியே இழுத்தார்.

"அத்தை, நம்ம எடம் போயிடும்."

"ஒரு நிமிஷம் வா."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார். அத்தை நோட்டை நீட்டவில்லை.

"அந்தப் பொண்ணு உங்கள என்னங்க பண்ணுச்சு? ஏன் அவ்ளோ படுத்துனீங்க?"

"அது டைரக்டர் சொல்றதும்மா, நான் சும்மா..." என்று தொடங்கியவர், அத்தையின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். பேனாவை வைத்துவிட்டு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்புதாம்மா. நான் அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது. மன்னிச்சிடு."

அத்தை தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். "பரவால்ல, விடுங்க" என்றார் பிறகு.

நடிப்புக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாத அத்தையை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த அம்மா என் நோட்டை வாங்கி, பக்கம் முழுக்கக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். நாங்கள் திரும்புவதற்குள் கதாநாயகன் கிளம்பிப் போயிருந்தார்.

நான் அழுத அழுகைக்கு பஸ் ஸ்டாண்டில் ரோஸ்மில்க் கிடைத்தது. அத்தையும் ஒன்று குடித்தார். இன்னொன்றும் வாங்கிக் குடித்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழக்கத்துக்கு மாறாக அவரே பேச்சை ஆரம்பித்தார்.

"அந்த வூட்டுக்குப் பின்னால ஒரு கொய்யா மரம் இருந்துச்சு. நல்லா காய்க்கும். அது மட்டும் எனக்கு ரொம்பப் புடிக்கும்."

எனக்குத் தெரிந்து அந்த சீரியல் வீட்டில் மரமே கிடையாது. அதை உறுதியாகச் சொன்னேன்.

"அது நீ பாக்காத எபிசோடு" என்றார் அத்தை, சிரித்துக்கொண்டு.

எதைத் தவறவிட்டேன் என்று வழியெல்லாம் யோசித்தேன். போன மாதம் காய்ச்சலில் படுத்திருந்தபோது வந்திருக்கும் என்று முடிவு செய்துகொண்டேன்.