வேலாத்தாளின் புதுப்பல்

காதர்பேட்டைக்குப் பின்புறம் ஒரு பனியன் கம்பெனி. அங்கே செக்கிங் டேபிளில் வேலாத்தாள் வந்து நின்றாலே டெய்லர்கள் தைத்ததை மறுபடி ஒரு தடவை புரட்டிப் பார்ப்பார்கள். கை வைத்த வெள்ளைப் பனியனை ஒரு முறை உதறி விரித்தால் போதும். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, கை ஒரு லாட் துணியிலும் உடம்பு வெள்ளை சற்றே மாறிய வேறு லாட்டிலும் வெட்டப்பட்டிருப்பது என எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. தப்பு இருக்கும் இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி வீசிவிடுவாள். தொங்கும் பிசிறை மட்டும் யாரிடமும் திருப்ப மாட்டாள். கத்தரியைத் தேடி எடுக்கும் நேரத்தில் பல்லால் கடித்துவிடலாம் என்பது அவள் கட்சி.

பருத்தி நூல் இருந்தவரை அந்தக் கட்சி ஜெயித்தது. பாலியஸ்டர் நூல் வந்தபின் மேல்வரிசை முன்பல் ஒன்று முறிந்தது. ஆடிக்கொண்டிருந்த பக்கத்துப் பல்லும் அதன் பின்னாலேயே போனது.

அந்த நேரம் பார்த்து மகன் சசிகுமாருக்குப் பெண் அமைந்தது. குண்டடத்துப் பெண், பெயர் கிருத்திகா, கம்பெனி ஒன்றில் துணி சாம்பிளும் நிறமும் ஒத்துப் பார்க்கும் மெர்ச்சண்டைசர். பெண் பார்க்கப் போன வேலாத்தாள் கண் நிறையப் பார்த்தாள். ஆனால் வாயை மட்டும் திறக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

சில நாளில் தகவல் வந்தது. சசிகுமார் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தான்.

"உனக்குப் பொண்ணப் புடிக்கலைன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்கம்மா. சிரிக்காத மாமியா ஊட்டுக்குப் புள்ளயத் தரமாட்டேன்னு அவங்கப்பா சொல்றாராம்."

"புடிக்காமயா? தங்கமாட்ட இருக்குதுடா அந்தப் புள்ள."

"அத அங்க சொல்லோணும். அடுத்த ஞாயித்துக்கெழம ஒருக்கா வந்து பேசிப் பாக்கறோம்னு கெஞ்சிக் கேட்டிருக்கறேன். அதுக்குள்ள பல்லக் கட்டிக்க."

பல் டாக்டர் சித்ரகலா பொறுமையானவர். இரு பக்கத்துப் பல்லையும் கொஞ்சம் ராவி, நான்கு பல்லாக ஒரே துண்டு செய்து, பாலம் போட்டது போல மாட்டிவிடலாம் என்று விளக்கினார். பிறகு நிறம் பார்ப்பதற்காக, மாதிரிப் பற்கள் வரிசையாகச் செருகிய பட்டை ஒன்றை எடுத்தார்.

வேலாத்தாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கம்பெனியில் துணி நிறம் பார்க்கிற அதே ஷேடு கார்டு! டாக்டர் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனாள்.

"இது பழுப்பு. இது டீக் கறை. இது சலவைக்கே போகாத துணியாட்ட இருக்குது. எல்லாம் ரிஜெக்ட்டுங்க." கடைசியில் இருந்த பளிச்சென்ற பல்லைத் தொட்டாள். "இதுதானுங்க வெள்ளை."

"அது உங்க மத்த பல்லோட சேராதுங்கம்மா."

"நான் பாக்காத வெள்ளைங்களா டாக்டரம்மா? அப்ரூவ்டுன்னு எழுதிக்குங்க."

டாக்டர் பெருமூச்சு விட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று, கழற்றக்கூடிய பசையிலேயே சனிக்கிழமை சாயங்காலம் மாட்டி அனுப்பினார்.

வீட்டுக் கண்ணாடியில் பார்த்த பிறகுதான் வேலாத்தாளுக்கு விஷயம் உறைத்தது. அன்று கார்டைப் பார்த்தாளே தவிர, தன் வாயைப் பார்க்கவில்லை. நடுவில் நான்கு பல் சோப்பு விளம்பரம் போல ஜொலித்தன. இரு பக்கமும் இருந்தவை, காலங்காலமாக டீ குடித்த பல். இப்படி ஒரு பனியன் டேபிளுக்கு வந்திருந்தால் தைத்தவனை அழவிட்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் கிடையாது. முந்தானை மறுபடி வாய்க்குப் போனது.

குண்டடத்தில், பெண்ணின் அப்பா சிவராஜ் காப்பி ஆறும்வரை பொறுத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, இந்தத் தடவையும் பேசமாட்டீங்களா? எம்புள்ள மேல என்ன கொறைன்னு சொல்லிப்போடுங்க. அதோட முடிச்சுக்கலாம்."

சசிகுமார் தரையைப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் வேலாத்தாள் முந்தானையை எடுத்துவிட்டாள்.

"கொற புள்ள மேல இல்லீங்க. என்ற வாயில."

டியூப்லைட் வெளிச்சம் நேராகப் பல்லில் விழுந்தது. சிவராஜ் மரியாதைக்கு விட்டத்தைப் பார்த்தார். கிருத்திகா மட்டும் பக்கத்தில் வந்து, குனிந்து, வேலைப் பழக்கத்தில் நன்றாகவே பார்த்தாள்.

"அத்தை, நடுவுல நாலும் வேற லாட்டுங்களா?"

"ஆமாங் கண்ணு. நானே அப்ரூவ் பண்ணதுதான்."

கிருத்திகா அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அவள் சிரிப்பைப் பார்த்து வேலாத்தாளும் கடைவாய்ப்பல் தெரியச் சிரித்தாள்.

"இந்தச் சிரிப்ப மொதல்லயே சிரிச்சிருந்தா நாங்க நிம்மதியாத் தூங்கியிருப்பமுங்க" என்றார் சிவராஜ். அன்றே தேதி பேசினார்கள்.

அடுத்து டாக்டரிடம் போனபோது கிருத்திகாவும் கூட வந்தாள். மாதிரிப் பட்டையைக் கையில் வாங்கி, அத்தையின் பழைய பல் பக்கத்திலேயே ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, லேசான மஞ்சள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். வாய்க்குள் பஞ்சு இருந்ததால் வேலாத்தாளால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. கல்யாணம் முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.