கடைசி அறையின் குழாய்

1. படிக்கட்டில் காலி வாளிகள்

விடியற்காலை ஐந்து மணி. சென்னைக்கு வெளியே ஒரு லாட்ஜின் மூன்றாவது மாடிப் படிக்கட்டில் பன்னிரண்டு பெண்கள் காலி வாளியோடு நின்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கும்பகோணத்தில் இருபத்திரண்டு வருடம் டிராவல்ஸ் ஆபீஸ் நடத்தியவன் நான். வாங்கிய திட்டுகளுக்குக் கணக்கில்லை. ஆனால் நியாயமான திட்டு என்று மனதார ஒப்புக்கொண்டது அன்றைக்கு ஒன்றுதான்.

அவர்கள் சீர்காழிப் பக்கத்து நடவு ஆட்கள். முப்பத்தாறு பெண்கள் ஒரே குழு. அறுப்பு முடிந்து கை ஓய்ந்திருந்த மாசி மாதத்தில், தீம் பார்க் பார்க்க வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். குழுவுக்குத் தலைவி வசந்தா. நாற்பத்தைந்து வயதிருக்கும். குரலை உயர்த்தியே பேசமாட்டார், ஆனால் அவர் பேச ஆரம்பித்தால் மற்ற முப்பத்தைந்து வாயும் மூடிக்கொள்ளும்.

ஹோட்டல் பார்ப்பதில் நான் புலி என்று எனக்கு நினைப்பு. அந்த லாட்ஜை முன்கூட்டியே நேரில் போய்ப் பார்த்தவன்தான். மேனேஜர் என்னை முதல் மாடி அறைக்கு அழைத்துப்போனார். ஏசி போட்டிருந்தது, விரிப்பு சலவை வாசனை அடித்தது. குழாயைத் திறந்தேன், தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. காபி கொடுத்தார். குடித்துவிட்டு புக்கிங் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அங்கே தங்கிய பெண்கள் விடியற்காலை நாலரை மணிக்கே எழுந்துவிட்டார்கள். தண்ணீரில் ஆடப் போகிறவர்களுக்கு எதற்குக் குளியல் என்று நான் வேறு வாயை விட்டேன். "குளிக்காம எப்புடி சார் வாசல் தாண்டுறது?" என்று ஒரு பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கீழ் இரண்டு மாடியிலும் இருபத்துநான்கு பேர் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்ததும் மூன்றாவது மாடியில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

மேலே இருந்த பன்னிரண்டு பேருக்கும் முன்னால் நின்றவர் செல்வி. வசந்தாவின் தம்பி மனைவி. "கீழ இருக்குறவளுங்கல்லாம் ஊத்திக்கிட்டாளுங்க, நாங்க மேல நின்னு வேடிக்கை பாக்கணுமா? ஏன் அண்ணி, ஒங்களுக்கு மட்டும் மொத மாடி, எங்களுக்கு மூணாவதா?" என்றார். ரூம் பிரித்தது நான், வசந்தா இல்லை. ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. பயந்துபோய் மோட்டார் ரூமைத் தேடி ஓடிவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

பஸ் இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. பார்க்கில் எல்லாவற்றுக்கும் வரிசை. மூன்று ரைடுதான் ஏறினார்கள். ஊர் திரும்பும்போது பஸ்ஸில் முன் பாதி ஒரு கட்சி, பின் பாதி ஒரு கட்சி. அடுத்த சம்பா நடவுக்கு செல்வி மூன்றாவது மாடியில் இருந்த மற்ற பதினொரு பேரோடு தனிக் குழுவாகப் பிரிந்துபோனார் என்று கேள்விப்பட்டேன்.

2. "நீங்க கெடுத்தது"

இரண்டு வருடம் கழித்து ஒருநாள் வசந்தா என் ஆபீசுக்கு வந்தார். எழுந்து நின்று "வாங்கக்கா" என்றேன். உட்காரவில்லை.

"மறுபடியும் பார்க்குக்குப் போறோம். எல்லாரும்."

"எல்லாரும்னா?"

"பிரிஞ்சு போனவளுங்களும்தான். நீங்க கெடுத்தது சார் அது. நீங்கதான் சரி பண்ணித் தரணும்."

எனக்கு மூக்குமேல் கோபம் வரும் என்பது கும்பகோணத்துக்கே தெரியும். அன்றைக்கு வரவில்லை.

தம்பி வீட்டோடு இரண்டு வருடமாகப் பேச்சில்லை என்றார். காதுகுத்துக்குக்கூடக் கூப்பிடவில்லையாம். கடைசியில் ஒரு துக்க வீட்டில் பார்த்து இவரே வலியப் போய்க் கேட்டிருக்கிறார். செல்வி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். "வர்றோம். மறுபடி தண்ணிக்கு வாளி தூக்க வச்சீங்கன்னா பாதியில எறங்கி வேற பஸ் ஏறிடுவோம். அதோட சரி. சாவு வாழ்வுக்கும் வரமாட்டோம்."

"ஹோட்டல் பாக்கப் போறப்ப நானும் வர்றேன்" என்றார் வசந்தா.

3. மூன்று ஹோட்டல்

பயணம் போகிற பார்ட்டியை ஹோட்டல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு அழைத்துப்போகும் வழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது. என்னிடம் செக்லிஸ்ட் உண்டு: ஏசி, லிஃப்ட், பஸ் பார்க்கிங், காலை டிபன், பார்க்குக்கு எவ்வளவு தூரம். இந்த அம்மா என்னத்தைப் பார்த்துவிடப்போகிறார் என்று உள்ளுக்குள் கொஞ்சம் அலட்சியம்தான்.

முதல் ஹோட்டல் பார்க்குக்கு நடக்கிற தூரம். பளபளவென்று தரை. மேனேஜர் கழுத்தில் டை. வழக்கம்போல முதல் மாடி அறையைத் திறக்கப் போனார்.

"இது வேணாங்க. கடைசி ரூம் எது?" என்றார் வசந்தா.

"கடைசின்னா மேடம்?"

"மேல் மாடில, கோடில, கட்டக்கடைசியா இருக்கும்ல, அது."

"அது ஸ்டோர் பக்கம் இருக்கு மேடம். பார்ட்டிக்கு அதையெல்லாம் காட்டறதில்ல."

"காட்டறதில்ல. குடுக்கறதும் இல்லையா?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். "ஃபுல்லா இருந்தா குடுப்போம்" என்றார் மெல்ல.

கடைசி அறைக்குப் போனோம். வசந்தா குழாயைத் தொடவில்லை. "கீழ எல்லா மாடிலயும் ஆளு விட்டுக் குழாயைத் தொறக்கச் சொல்லுங்க. தொறந்துட்டுச் சொல்லுங்க" என்றார். மேனேஜர் சிரித்தார். வசந்தா சிரிக்காமல் நின்றார். வேறு வழியில்லாமல் ரூம் பையன்களை அனுப்பினார். ஐந்து நிமிடம் கழித்து மேலே குழாயைத் திறந்தால் நூல் மாதிரி ஒழுகிற்று.

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அவர் ஊர் கடைமடை, ஆற்றுப் பாசனத்தின் கட்டக்கடைசிக் கோடி. ஆற்றில் தண்ணீர் விட்டார்கள் என்று பேப்பரில் வந்தபிறகும், மேலே உள்ள வயல்கள் எல்லாம் குடித்து முடித்து மிச்சம் வந்தால்தான் அவர்களுக்கு நடவு. வாய்க்கால் தொடங்குகிற தலைப்பு மதகில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்த்து அந்த ஊரில் யாரும் நாற்றுப் பறிக்கமாட்டார்கள். தங்கள் வாய்க்காலின் கடைசி வயலுக்கு வந்துவிட்டதா என்று பார்த்துத்தான் பறிப்பார்கள். இத்தனை வருடமாக நான் தலைப்பு மதகைப் பார்த்துவிட்டு காபி குடித்து வந்திருக்கிறேன்!

இரண்டாவது ஹோட்டலில் தண்ணீர் குறைவில்லை. ஆனால் பெரிய குரூப் என்றால் ட்ரிபிள் ஷேரிங்தான் என்றார்கள்.

"அறையில ரெண்டு கட்டில்தானே இருக்கு. மூணாவது ஆளு எங்க படுக்கும்?"

"எக்ஸ்ட்ரா பெட் போடுவோம்மா."

எக்ஸ்ட்ரா பெட் என்றால் தரையில் விரிக்கிற மெத்தை. தொழிலில் எல்லோருக்கும் தெரியும், நாங்களாக யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. வசந்தா விடாமல் கேட்டு அதை வரவழைத்துவிட்டார். "தரையில படுக்க எங்க ஊர்ல எடம் இல்லாமலா இங்க வர்றோம்? மூணு பேருல எவளைத் தரையில போடுறதுன்னு யாரு சொல்றது? நானா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

மூன்றாவது ஹோட்டல் பழசு. நாலு மாடி. லிஃப்ட் முனகிக்கொண்டே ஏறியது. பார்க்குக்கு பஸ்ஸில் இருபது நிமிடம். என் செக்லிஸ்ட்படி அதற்குப் பாதி மார்க்குகூடக் கிடைக்காது. எல்லாக் குழாயையும் திறக்கச் சொன்னோம். மேலே 412-ஆம் நம்பர் அறையில் வசந்தா குழாய்க்கு அடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். தண்ணீர் குறையவே இல்லை. அவரும் கையை எடுக்கவில்லை.

அதோடு விட்டாரா? மொட்டை மாடிக்கு ஏறினார். இரண்டு பெரிய டேங்க். மூடியைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார். "மோட்டார் எப்பப் போடுவீங்க?" என்றார் பிளம்பரிடம்.

"ஆறு மணிக்குக்கா."

"எங்களுக்கு நாலு மணிக்கு டேங்க் ரொம்பியிருக்கணும்."

"போட்டுடறேன். நான் வேலைக்குச் சேர்ந்ததிலேர்ந்து ரூம் பாக்க வந்த யாரும் இங்க ஏறி வந்ததில்லக்கா" என்றார் பிளம்பர். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

எனக்கோ தூரம்தான் உறுத்தியது. "நடக்குற தூரத்தை விட்டுட்டு இருவது நிமிஷமா?" என்றேன்.

"பஸ்ல எல்லாரும் சேர்ந்துதானே சார் உக்காந்துருப்போம். அதுல சண்டை வராது. ஒருத்திக்கு வந்து ஒருத்திக்கு வரலைன்னாதான் சண்டை."

அந்த இடத்திலேயே புக்கிங் போட்டேன்.

4. 412

இந்த முறை முப்பத்தேழு பேர். புதிதாகக் கல்யாணமாகி ஊருக்கு வந்த ஒரு மருமகள் சேர்ந்திருந்தாள். பத்தொன்பது அறை, ஆளுக்கு ஒரு கட்டில். பஸ்ஸில் செல்வியும் அவர் ஆட்களும் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். விக்கிரவாண்டியில் டீ குடிக்க இறங்கியபோதுகூட அண்ணியும் தம்பி மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் ஹோட்டல் ரிசப்ஷனில் சாவிகளை என்னிடமிருந்து வசந்தா வாங்கிக்கொண்டார். முன்பெல்லாம் லிஸ்டில் முதல் பெயருக்கு முதல் மாடி என்று நான் கொடுத்துக்கொண்டே போவேன். அவர் பெயர் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தார். முட்டிவலிக்காரர்களுக்கு முதல் மாடி. செல்வியின் ஆட்கள் அத்தனை பேருக்கும் இரண்டாவது மாடி. தன் ஆட்களுக்கு மூன்றும் நான்கும். எல்லோருக்கும் கொடுத்து முடித்து மிஞ்சிய ஒரு சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

எல்லாவற்றையும் செல்வி தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்டை நோக்கிப் போனவர் பாதியில் திரும்பினார்.

"ஒங்க ரூம் எது?"

இரண்டு வருடத்தில் செல்வியாக வந்து பேசிய முதல் பேச்சு அது.

"நாலாவது மாடி. கடைசி" என்றார் வசந்தா.

"கூட யாரு?"

"யாரும் இல்ல. ஒத்தப்படையாப் போச்சு."

செல்வி தன் சாவியை, தன்னோடு தங்கவிருந்த அந்தப் புது மருமகள் கையில் திணித்து, "நீ போய் ரெண்டாவது மாடில படுத்துக்கடி, சுத்தி நம்ம ஆளுங்கதான்" என்றார். பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "ஒத்தையில அங்க என்ன பண்ணுவீங்க? பயந்து சாவீங்க. வாங்க அண்ணி" என்று லிஃப்டுக்குள் ஏறினார். வசந்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனார். என் கண்ணும் கலங்கியது, மறைப்பானேன்?

மறுநாள் காலை ஐந்தே கால் மணிக்கு, எதற்கும் இருக்கட்டுமென்று பிளம்பரின் போன் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். சோபாவில் ஈரத்தலையோடு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி அறைக்காரர்கள்.

"என்ன சார், இன்னும் குளிக்கலையா நீங்க? தண்ணி வரலையா?" என்றார் செல்வி. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் எழுந்துவிட்டார்.

ஆறரைக்கு முப்பத்தேழு பேரும் பஸ்ஸில். பார்க் கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றோம். அன்றைக்கு அவர்கள் ஏறாத ரைடு இல்லை. செயற்கை அலைக்குளத்தில் முப்பத்தேழு பேரும் கைகோத்து ஒரே வரிசையாக நின்று, அலை வரும்போதெல்லாம் போட்ட கூச்சல் வெளியே பார்க்கிங் வரை கேட்டது என்று டிரைவர் சொன்னார்.

5. தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு

ஹோட்டல் பார்க்கப் போனால் அவர்கள் காட்டுகிற அறையைப் பார்க்காதீர்கள். காட்டாத அறையைக் கேளுங்கள். குழுவில் யாரோ ஒருவர் அதில்தான் தங்கப்போகிறார். எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு அங்கே போய் நில்லுங்கள். மூன்றாவது ஆள் எங்கே படுப்பார் என்று வாய்விட்டுக் கேளுங்கள். என் செக்லிஸ்டில் இப்போது முதல் மூன்று வரி இவைதான். எழுதியது நான், சொன்னது வசந்தா.

அந்த வருடம் சம்பா நடவு நேரத்தில் வேறு ஒரு வேலையாக சீர்காழிப் பக்கம் போனேன். சாலையோர வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. ஒரே வரிசை. வண்டியை ஓரங்கட்டி எண்ணிப் பார்த்தேன். முப்பத்தேழு. வரிசையின் ஒரு கோடியில் வசந்தா, மறு கோடியில் செல்வி.

செல்விதான் முதலில் என்னைப் பார்த்தார். நிமிர்ந்து, சேற்றுக் கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு வயல் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"சார்! அடுத்த தடவை கடைசி ரூம் எனக்கு! அண்ணி கேட்டாங்கன்னு மாத்திக் குடுத்துடாதீங்க, சொல்லிட்டேன்!"