அர்வாவா, அருவாவா?

பெயர் கூப்பிடுவதுதான் என் வேலை. புதுச்சேரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வாசலை ஒட்டிய மேஜை என்னுடையது. காலையிலிருந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவேன், ஒவ்வொருவராக எழுந்து வருவார்கள். என் சொந்தப் பெயரையும் அடிக்கடி கூப்பிட வேண்டியிருக்கும். கூப்பிட்டால் ஒரே நேரத்தில் இரண்டு பேராவது எழுந்திருப்பார்கள். அப்படிப்பட்ட பெயர். முல்லா வீதிப் பக்கம் எந்த வீட்டு வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொன்னாலும் உள்ளேயிருந்து "இன்னா?" என்று ஒரு குரல் வந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் மட்டும் அந்தப் பெயரில் நான்கு பேர் இருந்தோம். உயரமானவள் நெட்டை. கண்ணாடி போட்டவள் கண்ணாடி. முதல் மார்க் வாங்குகிறவளை டீச்சர் வெறும் பெயரால் கூப்பிட்டார், படிக்கிற பிள்ளைக்கு அந்த மரியாதை உண்டல்லவா. நான் நெட்டையும் இல்லை, கண்ணாடியும் இல்லை, முதல் மார்க்குக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அதனால் என்னை 'இன்னொருத்தி' என்றார். "இன்னொருத்தி, நீ எழுந்து படி" என்பார். அந்தக் கடுப்பு எனக்கு இன்றைக்கும் போகவில்லை.

அதனால் வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று தெரிந்த அன்றே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். பிறக்கப்போவது மகள்தான், அவளுக்கு இந்த ஊரில் யாருக்குமே இல்லாத பெயர்தான். மகள் என்று எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ஸ்கேன் சென்டரில் வேலை செய்தாலும் சட்டம் சட்டம்தான், எனக்கும் யாரும் சொல்லவில்லை. ஆண் பெயர் ஒன்றுகூடத் தேடாமல் விட்டேன், அவ்வளவுதான்.

எங்கள் வீடுகளில் அரபிப் பெயர்தான் வைப்போம். கூட்டம் குறைந்த நேரத்தில் போனை எடுத்து வைத்துக்கொண்டு தேடுவேன். பிள்ளைப் பெயர்களுக்கென்றே எத்தனை தளங்கள். பெயருக்கு அர்த்தம் போடுவார்கள், எந்த மொழி என்று போடுவார்கள், எவ்வளவு பேர் வைத்திருக்கிறார்கள் என்பதற்குப் பட்டை போட்டுக் காட்டுவார்கள், கூடவே அதிர்ஷ்டக் கல்லும் உண்டு. அப்படி ஒருநாள் கண்ணில் பட்டது அர்வா. பட்டை இருக்கிற இடமே தெரியவில்லை. பக்கத்தில் 'மிக அரிது' என்று போட்டிருந்தது. சத்தம் வராமல் சொல்லிப் பார்த்தேன். வாய் நன்றாகத் திறந்து மூடுகிற பெயர். பார்த்த கணத்திலேயே பிடித்துப் போனது.

அர்த்தம்தான் தளத்துக்குத் தளம் மாறியது. ஒன்றில் பேரழகி. ஒன்றில் தாகம் தீர்ந்தவள். இன்னொன்றில் புத்துணர்ச்சி. நாலாவதில் மலை ஆடு என்று இருந்தது. அதை எழுதினவருக்கு என்னவோ வயிற்றெரிச்சல் என்று நினைத்துத் தள்ளிவிட்டேன்.

மகளே பிறந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று என் கணவர் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொண்டு வந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் உள்ளே நுழைந்தபோதே எனக்குச் சந்தேகம். நாலாவது தளம் சொன்னதுதான் சரியாம். மலையில் வாழும் பெண் ஆடுகளுக்கு அரபியில் அர்வா என்று பெயராம். ஒன்றல்ல, பல ஆடுகள், பன்மை. இதை மட்டும் சொல்லிவிட்டு அவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். மிச்சத்தை நான்தான் பிடுங்க வேண்டியிருந்தது. நமக்கு மான் எப்படியோ அரபிகளுக்கு அந்த ஆடு அப்படி, இஸ்லாம் மார்க்கம் வருவதற்கு முன்பிருந்தே அங்கே பெண்களுக்கு வைத்த பெயர், ஏமன் நாட்டில் ஒரு ராணிக்கும் இருந்திருக்கிறது, தாராளமாக வைக்கலாம் என்று ஹஜ்ரத் சொன்னாராம்.

ராணி கதையெல்லாம் என் மாமியாரிடம் எடுபடவில்லை. ஏழாம் நாள் அகீகா. பிள்ளைக்கு முடி இறக்கி, அதன் பேரில் ஓர் ஆடு அறுத்து, பெயர் வைக்கிற நாள். "ஆட்டுக்கு ஆடு அறுக்குறதா? நாலு பேரு கேட்டா சிரிக்க மாட்டாங்களா?" என்றார் மாமி. அவருக்குத் தன் தாயின் பெயரை வைக்க வேண்டும் என்று ஆசை. அது வேறு எதுவுமில்லை, என் பெயர்தான். நான் முடியவே முடியாது என்றேன். உன் பேரு உனக்கே புடிக்கலயா என்று மாமி கேட்டார். பிடிக்காமல் என்ன, அதில் எனக்குப் பங்கு ரொம்பக் கம்மி என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை, பத்தியச் சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது.

ஏழாம் நாள் காலையில், கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், ஆடு அறுக்க வந்தவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டார். யார் பேரில் அறுக்கிறோம் என்று சொல்லித்தானே அறுக்க வேண்டும். என் கணவர் ஒரு பார்வை தன் அம்மாவைப் பார்த்தார், ஒரு பார்வை ஜன்னலில் நின்ற என்னைப் பார்த்தார், துணிந்து "அர்வா" என்றார்.

"அருவா எதுக்குங்க? கத்தியே போதும்" என்றார் அவர்.

கணவர் அழுத்தித் திருத்தமாக மறுபடியும் சொன்னார். அந்த மனிதர் தான் கொண்டுவந்த கோணிக்குள் கையை விட்டு அருவாவை எடுத்து என் கணவர் கையில் கொடுத்துவிட்டார். கணவர் அதை வாங்கிக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்ற நிலையைப் பார்த்து மாமி சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதற்குப் பிறகு அவருக்குச் சண்டை போடத் தெம்பில்லை. பெயர் நிலைத்தது.

அதோடு முடியும் என்று பார்த்தால் ஊர் விடவில்லை. கீழ் வீட்டில் ஒரு சொல்தா தாத்தா. பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் படியில் நின்று குழந்தையின் கன்னத்தைத் தட்டிப் பெயர் கேட்டார். அர்வா என்றேன். பிரெஞ்சில் போய்வருகிறேன் என்பதற்கு 'ஓர்வுவா' என்பார்கள். நான் விடைபெறுகிறேன் என்று நினைத்து அவரும் "ஓர்வுவா, ஓர்வுவா" என்று கையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த முறையும் அதேதான் நடந்தது. என்னோடு வேலை செய்யும் தவளக்குப்பத்துப் பெண்ணின் வீட்டில் நெல் விவசாயம். "எங்க வூட்ல நாலு அருவா கெடக்குதுக்கா, உங்க வூட்ல ஒன்னுதானா?" என்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். எனக்கு உள்ளூரப் பெருமைதான். யார் எப்படிச் சொன்னாலும் அந்தப் பெயருக்கு இந்த ஊரில் ஒரே ஓர் ஆள், அது என் மகள்.

ஆனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்ததிலிருந்து "அருவா வருது, ஓடு" என்று பிள்ளைகள் ஓடுவது ஒரு விளையாட்டாகிவிட்டது. போன ஆண்டுவிழாவில் படம் வரைந்ததற்குப் பரிசு. மைக்கில் ஒருவர் "முதல் வகுப்பு, அருவா" என்று கூப்பிட்டார். மண்டபமே சிரித்தது. அவள் மேடைக்குப் போகவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளை எழுப்ப முடியவில்லை. பரிசை நான் போய் வாங்கி வந்தேன். எனக்கு அந்த மைக்கைப் பிடுங்கிக் கடலில் போட வேண்டும் போல இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும், "எனக்கு வேற பேரு வைம்மா" என்றாள். என்ன பெயர் வேண்டும் என்றேன். "உன் பேரு."

என் பெயர். உலகத்தில் எத்தனையோ பெயர் இருக்க, அதுவேதான் வேண்டுமாம். அவள் வகுப்பிலேயே அந்தப் பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள், எப்போதும் சேர்ந்தே சாப்பிடுகிறார்கள், அவர்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை என்றாள். பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் மறுப்பது. ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் மாற்றிவிடலாம் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டேனே தவிர எனக்கு மனசே இல்லை. மாமிக்கு வேறு ஒரே சந்தோஷம்.

பள்ளி திறந்து சில நாள் ஆனது. மகளைக் கூட்டிவரப் போனபோது வகுப்பு டீச்சர் கேட் அருகே காத்திருந்தார். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த ஒரு குடும்பம், வகுப்பில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள், பெயர் அர்வா என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. டீச்சருக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் அம்மாவும் நின்றிருந்தார். ஒரே மாதிரிப் புடவையைக் கட்டிக்கொண்டு ஒரே கல்யாணத்துக்கு வந்துவிட்ட இரண்டு பேர் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவரும் போனில்தான் தேடி எடுத்தாராம். அரிது என்று போட்டிருந்ததாம். எந்தத் தளம் என்று கேட்டேன். அதே தளம்தான்.

டீச்சர் இரண்டு பேரில் ஒருத்திக்கு இனிஷியல் சேர்த்துக் கூப்பிடலாமா என்று கேட்டார். அந்தப் பேச்சு வந்ததும் எனக்குப் பழைய எரிச்சலெல்லாம் பற்றிக்கொண்டது. வேண்டாம், நாங்கள் எப்படியும் மகளின் பெயரை மாற்றத்தான் போகிறோம் என்று பட்டென்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே அழுகை வரும் போல இருந்தது.

அப்போதுதான் பிள்ளைகளைப் பார்த்தேன். புதிதாக வந்தவள் விசும்பி விசும்பி அழுதுகொண்டிருந்தாள். ரெண்டு அருவா, ரெண்டு அருவா என்று வகுப்பே கத்தியிருக்கிறது. பாவம், அருவா என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது, கெட்ட வார்த்தை என்று நினைத்துவிட்டாள். என் மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அப்படித்தான் கத்துவார்கள், கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கே வாய் வலிக்கும், அப்புறம் விட்டுவிடுவார்கள் என்று ஏதோ தனக்கு அது பெரிய விஷயமே இல்லை என்பது போலச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய்க் குனிந்து, டீச்சரிடம் சொல்லிவிட்டேன், உன் பெயரை மாற்றிவிடலாம் என்றேன்.

அவள் பிடித்த கையை விடவில்லை.

"வேணாம்மா. நான் மாத்திட்டா இவ மட்டும் தனியா ஆயிடுவா."